நர்சம்மாவின் மொழியில் இருபது சொற்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு மிஷன் மருந்தகத்தில் எனக்குச் சீட்டு எழுதும் வேலை. அங்கே எல்லாரும் நர்சம்மா என்று கூப்பிட்டவர் பின்லாந்துக்காரர். வெள்ளைக்காரி என்றால் இங்கிலீஷ்காரி என்றே ஊர் நினைத்தது. அவருக்கு இங்கிலீஷ் என்னளவுக்குத்தான் வரும். தமிழை நோயாளிகளிடமே கற்றவர். காய்ச்சல் பிள்ளையிடம், "நொம்ப வலிக்குதா சாமி?" என்பார்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் தன் மொழியைப் பற்றிச் சொல்வார். ஒரு பக்கம் சுவீடிஷ், மறுபக்கம் ரஷ்யன். பின்னிஷ் இரண்டுக்கும் உறவில்லையாம். எஸ்தோனியா மொழி நெருங்கிய சொந்தம், ஹங்கேரி மொழி தூரத்துச் சொந்தம். அதன் பூர்வீகம் கிழக்கே, வோல்கா ஆற்றுப் பக்கம் என்பார்கள் என்றார். தாலோ என்றால் வீடு, தாலோஸ்ஸா என்றால் வீட்டில்.

"உங்க ‘ஊட்டுல’ல வர்ற ‘ல’ மாதிரியே பின்னாடி வந்து ஒட்டிக்குதுங்க" என்று சிரித்தார். அப்படியானால் தமிழுக்குச் சொந்தமா என்று கேட்டேன். அதை யாரும் நிரூபிக்கவில்லை என்றார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் கோர்ட்டில் எல்லாம் சுவீடிஷ்தானாம். நிலவழக்கில் தீர்ப்பு வாசித்தபோது கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்துத்தான் நிலம் போய்விட்டதென்று தெரிந்துகொண்டாராம். இப்போது இரண்டுமே ஆட்சிமொழி என்று சொன்னபோதும் நர்சம்மாவின் குரலில் சந்தோஷமில்லை.

இருபது சொல் கற்றிருப்பேன். பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது, விட்டுவிட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் தங்கையின் பிரசவத்துக்காகச் சேலம் போய், நான்கு நாள் கழித்துக் குப்பனூர் வழி பஸ்ஸில் திரும்பினேன். அதற்குள் நர்சம்மாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. தமிழும் இங்கிலீஷும் போய்விட்டன. பக்கத்தில் ஆயா வெற்றிலையோடு நின்றிருந்தாள்.

"ஏனுங்க, வெத்தலைதானுங்க கேக்கறாங்க. குடுத்தா தள்ளி உடறாங்க."

நர்சம்மா கேட்டது "வெத்தா". தண்ணீர். கரண்டியால் ஊட்டினேன். பாலும் கஞ்சியும் கொடுத்துத்தான் இருந்தார்கள். ஆனால் அவர் கேட்டது யாருக்கும் எட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப்பின் என்னைக் கண்டால் ஓயாமல் பேசினார். என் இருபது சொல் இரண்டு நாளில் தீர்ந்துபோனது. ஆமாம் என்பதற்கு "யோ" என்பார்கள். அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, நிதானமாக நெடுநேரம் எதையோ சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் "யோ" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். எதற்கு ஆமாம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

அந்த வாரக் கடைசியில் இறந்துபோனார். மலையிலேயே அடக்கம் செய்தோம்.

பின்லாந்திலிருந்து அவருடைய தங்கை, உடைந்த இங்கிலீஷில் கடிதம் எழுதியிருந்தார்: அக்கா கடைசியாக என்ன சொன்னாள்? தண்ணீர் கேட்டார், கொடுத்தோம் என்று பதில் எழுதினேன். அந்தக் கேள்வியைப் பற்றி எழுதவில்லை. கேட்ட சத்தத்தை அன்றே தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருந்தால் அந்தத் தங்கைக்காவது விளங்கியிருக்கும். சீட்டுப் புத்தகமும் பேனாவும் என் கையில்தான் இருந்தன.