வேகாத டர்னிப்

புக்கிட் மெர்தாஜாமில் அம்மாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் டர்னிப் வேகும் நெடி வந்தது. அந்த நெடியோடு, ஜார்ஜ் டவுனில் இப்போது ஹோட்டலாகிவிட்ட எங்கள் வாடகை வீட்டின் பின்கட்டுக்குப் போய்விட்டேன். ஐந்து குடும்பங்களுக்கு ஒரே அடுப்பு, புகை படிந்த சுவர், ஈரத் தரையில் சிலிப்பர் சத்தம், எங்கள் முறை வந்ததும் அம்மா பருப்பில் அள்ளிப்போடும் டர்னிப், கடித்தால் நறுக்கென்று உடைந்து நாக்கில் உறைக்கும், அம்மாவின் கைப்பக்குவம் என்று இத்தனை வருடம் நான் நம்பியிருந்த அந்த ருசி.

சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கரைந்துவிட்டது.

“முன்ன மாதிரி நறுக்குனு இல்லியேம்மா?”

“அது வேகாததுடா. அப்ப பின்னால மேரியக்கா அவங்க முறைக்குச் சட்டியோட நிப்பாங்க, பாதியில இறக்கிடுவேன். இப்ப யாரு நிக்கிறா? இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்லா.”

அடுப்பைக் குறைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.