ரெயின் காட் கட்டிய வருஷம்

என் முதல் புத்தகத்தில் இருக்கிற கதைகள் எல்லாம் மழைக்காலையில் எழுதியவை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள், மழையைப் பார்த்ததும் எனக்குக் கற்பனை பொங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மண்ணும் பொங்காது. மழை பெய்தால் எனக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

நான் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். கரவனெல்லவில் பஸ் ஏறி, இறங்கி, அப்புறம் மூச்சு வாங்க மேடேறி வரவேண்டிய தோட்டம். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் ஈரப் பட்டையெல்லாம் வழிந்து வீணாய்ப் போகும். அதனால் விடியும் முன்னே கண் முழித்ததும் கூரைத் தகரத்தில் சத்தம் கேட்கிறதா என்றுதான் முதலில் காது கொடுப்போம். கேட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் என்றால் எங்கள் பேச்சில் ஒரு நாள் சம்பளம். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் தலையில் கை வைப்பார்கள். நானும் வைப்பேன். வைத்துவிட்டு, ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு மேசைக்குப் போய்விடுவேன்.

எங்கள் லயத்துக்குக் கீழே கிராமத்து வீடு ஒன்று. அந்த வீட்டுச் சிங்கள அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பீலிக்கு, மலைத்தண்ணீர் விழுகிற குழாயடிக்கு, தண்ணீர் எடுக்க வரும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நிகங்த இன்னே?" என்பாள். சும்மாவா இருக்கிறாய் என்று கேட்கிறாள். "நே அக்கே, வெட" என்பேன். இல்லை அக்கா, வேலை. அவள் என் கையில் இருக்கிற பேனாவைப் பார்ப்பாள், அடுப்பில் ஒன்றும் ஏறாததையும் பார்ப்பாள், சிரித்துக்கொண்டு போய்விடுவாள். மழை நாள் எனக்குக் கதை, அடுப்புக்குப் பட்டினி. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க நான் தயாரில்லை.

அந்த வருஷங்களில் வீட்டுக்காரர் கட்டாரில் இருந்தார். மகளின் கல்யாணத்துக்காகப் போனவர், கல்யாணம் முடிந்து, அவள் எம்பிலிப்பிட்டியவில் குடும்பமாகிய பிறகும் அங்கேயே இருந்தார். ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது கூப்பிடுவார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். அதற்கு மேல் பேச்சு இருக்காது. ஆனாலும் வைக்கமாட்டார். "வேற என்ன?" என்பார். ஒன்றுமில்லை என்பேன். "வேற?" என்பார். இந்த மனுஷனுக்குப் பேசவும் தெரியவில்லை, வைக்கவும் தெரியவில்லை என்று நான் சிரித்துக்கொள்வேன்.

அப்புறம் ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கினார். இனி போகமாட்டேன் என்றார். நான் கோழி அடித்துச் சமைத்தேன். அந்தச் சந்தோஷம் கோழி தீர்ந்த பிறகும் கொஞ்ச நாள் இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, இந்த மனுஷனுக்கு உட்காரத் தெரியாது. அங்கே வேலை, வேலை விட்டால் தூக்கம், லீவு நாளில் துணி துவைப்பு என்றே பழகிய உடம்பு. வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஆடாத கதவுக்கு ஆணி அடிப்பார். ஒழுகாத இடத்தில் தகரத்தைத் தட்டுவார். நான் மழைக்காலையில் மேசையில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே டக் டக் என்று கேட்கும். கதையில் வருகிறவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனார்கள்.

நேருக்கு நேர் உட்கார்ந்தாலும் பேச எதுவும் இல்லை. ஃபோனில் பேசியதில் பாதிகூட இல்லை. வந்து இரண்டு மாசம் ஆவதற்குள் டவுனிலிருந்து ஏஜென்சிக்காரர் அவருக்கு ஃபோன் எடுக்கத் தொடங்கினார். மணி அடித்ததும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு பீலிப் பக்கம் போய்விடுவார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. திரும்பி வரும்போது அவர் முகமே சொல்லும்.

"என்னவாம்?" என்பேன்.

"சும்மாதான். புது விசா வந்திருக்காம்" என்பார். "இங்க இருந்துகிட்டு நான் என்னதான் செய்றது, சொல்லு?"

போகவேண்டாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அவர் போய்விடக் கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்த முறை போனால் அது மகளுக்காக இல்லை, காசுக்காகவும் இல்லை. இந்த வீட்டுக்குள் இருக்க முடியாமல் போவது. அதுதான் எனக்கு வலித்தது.

அந்த நேரத்தில்தான் தோட்டத்தில் ரெயின் காட் கட்டப்போவதாக, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் அறிவித்தார்கள். வெட்டுகிற இடத்துக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுருக்கு வைத்த பாவாடை மாதிரி மரத்தைச் சுற்றிக் கட்டி, தார் பூசி ஒட்டிவிடுவார்கள். மழைத்தண்ணீர் பாவாடைக்கு வெளியே வடிந்துவிடும், உள்ளே பட்டை காய்ந்தே இருக்கும். மழை நாளிலும் பால் வெட்டலாம், பேர் விழும். பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. நானும் சிரித்தேன். என் காலைகளைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே என்று அங்கே நின்று சொல்ல முடியுமா? செருப்பால் அடித்திருப்பார்கள், அடிக்கவும் வேண்டும்.

கட்டுகிற வேலைக்குக் கொந்தராத்தில், மரக் கணக்குக் கூலிக்கு, ஆள் எடுத்தார்கள். முதல் ஆளாய்ப் போய் நின்றவர் என் வீட்டுக்காரர். அவருக்கு அப்படியொரு உற்சாகம். என் மரங்களை வேறு யாரும் தொடக்கூடாது என்று தானே கேட்டு வாங்கிக் கட்டினார். சாயந்தரம் கையெல்லாம் தாரோடு வந்து நின்றார்.

"ஒன் மரத்துக்கெல்லாம் நானே கட்டிட்டேன். ஒரு சொட்டு உள்ள எறங்காது."

"ரொம்ப நல்லது. நான் எழுதுற நாளையும் சேத்துக் கட்டிட்டீங்க."

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். கையில் இருந்த தாரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "மழ பெய்யணும்னு சாமி கும்புட்ட ஒரே பால்வெட்டுக்காரி நீதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம்.

ரெயின் காட் வந்த பிறகு மழையில் நனைந்துகொண்டே வெட்டினோம். பேர் விழுந்தது, அடுப்பும் எரிந்தது. ஆனால் ஒரு வரி எழுதவில்லை. வெள்ளென எழும்பி எழுதிப் பார்த்தேன், மேசையிலேயே கவிழ்ந்து தூங்கிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று பார்த்தால் துணி, கோயில், வந்து போகிற சொந்தம். ஆள் சிடுசிடுவென்று ஆகிவிட்டேன். கத்தியைத் தீட்டும்போதுகூட அதோடு சண்டை போட்டேன்.

ஒரு நாள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில் எனக்கே ரோஷம் வந்தது. இத்தனை வருஷமும் ஓய்வு எடுப்பதா வேண்டாமா என்று மழை தீர்மானித்தது. மழை கொடுத்தபோது எழுதினேன், கொடுக்காதபோது காத்திருந்தேன். வானத்துக்கு என் கதையைப் பற்றி என்ன அக்கறை? நேரத்தை நானேதான் எடுக்கவேண்டும், வெயிலோ மழையோ. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிளாஸ்டிக் பாவாடை தேவைப்பட்டிருக்கிறது.

குளித்து, சோறு தின்று, விறகுக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். அதை எனக்கென்று எடுத்தேன். எழுத வந்தாலும் வராவிட்டாலும் மேசையை விட்டு எழும்புவதில்லை என்று முடிவு. முதல் நாள் உட்கார்ந்ததும் கூரையில் டக் டக் என்றது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன்.

"என்னங்க, எறங்குங்க."

"இந்தத் தகரம் கொஞ்சம் தூக்கிக்கிட்டு இருக்கு புள்ள."

"அது நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்தே தூக்கிக்கிட்டுத்தான் இருக்கு. ஒண்ணு, எறங்கி வந்து என்கூட சும்மா உக்காருங்க. இல்லன்னா சுத்தியலோட டவுன் பக்கம் போயிடுங்க."

இறங்கி வந்தார். கதவோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஐயோ, அந்த மனுஷன் பட்ட பாடு. காலை ஆட்டினார், விரலைச் சொடுக்கினார், எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார், குடிக்காத கோழிக்கும் தண்ணீர் வைத்தார். கொஞ்ச நாள் இப்படியே போனது. நானும் பெரிதாய் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு பேரும் பரீட்சை மண்டபத்தில் இருப்பது போல் இருந்தோம். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்கு, நான் கூப்பிடாமலே, ஸ்டூல் கதவோரம் வந்துவிடும்.

மெல்ல மெல்லக் கால் ஆடுவது நின்றது. எனக்கும் எழுத்து அசைந்து கொடுத்தது. ஒரு நாள் அவராகவே, "என்ன எழுதுற, கொஞ்சம் படியேன்" என்றார். படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். "தூங்கல, படி" என்றார். அன்றைக்கு வெளியே மழையும் சேர்ந்துகொண்டது. நான் சத்தத்தைக் கூட்டிப் படிக்கப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"எத?"

"ஃபோன்ல. வேற என்ன, வேற என்னன்னு கேப்பேன்ல. அந்தப் பக்கம் தகரத்துல மழ சத்தம் கேக்கும். அதுக்காகத்தான் வைக்காம இருந்தேன். அங்க ரூம்ல எல்லாருக்கும் ஏசி சத்தம் மட்டுந்தான்."

பேசத் தெரியாத மனுஷன் என்று நான் சிரித்த அத்தனை சாயந்தரமும் அவர் என் வீட்டுக் கூரையைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கையில் இருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், இந்த முறை கோழிக்கு இல்லை. அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசியது, கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பேசியதைவிட அதிகம். பேசாமல் இருந்ததும்தான்.

ஏஜென்சிக்காரரை மட்டும் நான் மறக்கவில்லை. கடைசியாக ஒரு பதில் சொல்லவேண்டும் என்று நாள் குறித்திருந்தார். அந்த நாள் நல்ல வெயில். ஊர் முழுக்க வேலைக்குப் போய்விட்டு வந்து துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தது. நான் புதிதாய் எழுதியதைப் படித்துக்கொண்டு இருந்தேன், அவர் ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஜன்னலில் கிடந்த ஃபோன் அடித்தது.

எடுத்தார். யார் என்று பார்த்தார். நான் படிப்பதை நிறுத்திவிட்டு, அவர் பீலிப் பக்கம் போவதற்காகக் காலை மடக்கி வழிவிட்டேன். தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே ஃபோனைக் காதில் வைத்தார்.

"இல்லங்க, இப்ப பேச முடியாது. வேலையில இருக்கேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இங்கதாங்க, தோட்டத்துலதான். ஆமா, இதுதான் இனிமே. அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

ஃபோனைக் கவிழ்த்து ஜன்னலில் வைத்தார். மறுபடியும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"படி புள்ள" என்றார்.

விட்ட இடத்திலிருந்து படித்தேன்.