அட்டை பஸ்ஸுக்கும் பிரேக் உண்டு!

இன்று காலை ஏற்காட்டில் இருந்து குப்பனூர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம்.

ஒரு வளைவில் டிரைவர் தம்பி காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். கீழே இருந்து ஒரு லோடு வண்டி முக்கி முனகி ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஏறுற வண்டிக்கு நாமதானுங்க வழி உடோணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது! (பாவம், மனிதர் மிரண்டுவிட்டார்.)

ஏன் சிரித்தேன் என்று உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எண்பதுகளில் மெட்ராஸில் உடை அலங்காரம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷம் ஒரு பிராக்டிகல். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து கார்னிவல் உடைகள் செய்ய வேண்டும். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவதை எங்கள் மேடம் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"வேஷம் போட்ட குழந்தை, வேஷத்துல இருக்கோம்கிறதையே மறந்துடணும். அப்பதான் பாஸ்" என்று சொல்லி அனுப்பினார் மேடம்.

கையெழுத்து விழாவிட்டால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்பா ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்!

ஏற்காட்டில் ஒரு சின்ன மிஷன் ஸ்கூலில் நாலாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பாதிப் பேர் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

நான் பெட்டி நிறையப் பட்டாம்பூச்சி டிசைன்கள் வரைந்து கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்தார்கள். மரியாதை மட்டும்தான்!

லூர்து மேரி என்று ஒரு வாண்டு எழுந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், நாங்க பஸ்ஸு வேஷம் போடலாமுங்களா?"

"ஒரு ஆள் எப்படிம்மா பஸ் ஆக முடியும்?"

"ஒரு ஆளு இல்லீங்க. எல்லாருமுங்க!"

வகுப்பே 'ஓ'வென்று கத்தியது. என் பட்டாம்பூச்சிகள் திரும்பப் பெட்டிக்குள் போயின.

கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வேலை ஆரம்பித்ததும் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது!

அட்டைப்பெட்டி, மூங்கில் பட்டை, மைதா பசை. ஆளுக்கு ஒரு ஜன்னல், இடுப்பில் மாட்டிக்கொள்ளும்படி. ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே காப்பி சாக்கு வைத்துத் தைத்தோம். அப்போதுதானே வளைவில் பஸ் வளையும்? ஹெட்லைட்டுக்கு பிஸ்கட் டின் மூடிகள்.

லூர்து டிரைவர். அந்தோணி கண்டக்டர். (விசில் அவனுடையது, அதனால் பதவியும் அவனுக்கே.)

பெரிய அடிதடி எதற்குத் தெரியுமா? வாந்தி எடுக்கும் பயணி வேஷத்துக்கு!

மலை பஸ் என்றால் ஜன்னலில் ஒரு தலை தொங்க வேண்டாமா? கையில் எலுமிச்சம்பழம், வாயில் இருந்து மஞ்சள் கிரேப் பேப்பர். அத்தனை பேரும் கேட்டார்கள்! கடைசியில் சீட்டுக் குலுக்கி செல்வியைப் போட்டோம்.

கார்னிவல் நாளும் வந்தது. மேடம் வரவில்லை.

ரயிலில் சேலம் வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கிறேன் என்றிருந்தார். செல்போன் எல்லாம் ஏது அப்போது? நான் ஸ்கூல் கேட்டுக்கும் ரோட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் பொறுங்க சார், ப்ளீஸ்!" என்று ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சினேன்.

"சீஃப் கெஸ்ட் ஏரிக்கரைல வந்து உக்காந்துட்டாருங்கம்மா. இனி நிறுத்த முடியாதுங்க. கிளம்புங்க!"

பேண்டு அடிக்க ஆரம்பித்தது. ஏரிக்கரை வரைக்கும் இறக்கம். முன்னால் எங்கள் பஸ், பின்னால் பேண்டு, அதற்கும் பின்னால் தேவதைகள், மாம்பழம், கேரட் என்று மொத்த ஸ்கூலும். எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

முதல் வளைவில் கீழே இருந்து ஹாரன் சத்தம்.

லூர்து கையைத் தூக்கினாள். அந்தோணி விசில் அடித்தான். பஸ் ஒழுங்காக ஓரம் கட்டி நின்றுவிட்டது!

பேண்டு வந்து பஸ்ஸில் மோதியது. கேரட், தேவதை மேல் விழுந்தது.

"ஏன் நின்னுட்டே? போ லூர்து!"

"பஸ்ஸு ஏறி வருதுங்க டீச்சர். எறங்குறது நாமதானுங்க, நாமதான் நிக்கோணும்."

"அது நிஜ பஸ்! இது அட்டை! ஓரமா நடந்தா போதும்!"

"அட்டையா இருந்தா என்னங்க? ரோட்டுக்கு வந்துட்டமுல்லீங்க!"

பின்னால் ஹெட்மாஸ்டர் கத்துகிறார். அவள் அசைந்தால்தானே! இடுப்பில் இருந்த ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நிஜ பஸ் வளைவில் திரும்பி ஏறி வந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தார். பார்த்தவர் பிரேக்கைப் போட்டே விட்டார்!

"ஏங்கண்ணு, எனக்காவா நின்னீங்க? நொம்ப சந்தோசம் சாமி!"

பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்து சிரித்தார்கள். படிக்கட்டில் ஒரு அம்மா தள்ளாடி இறங்கினார். முகம் வெளுத்து, தலை கலைந்து, கையில் எலுமிச்சம்பழம்.

எங்கள் மேடம்!

மேடம் செல்வியைப் பார்த்தார். செல்வி மேடத்தைப் பார்த்தாள். இரண்டு பேர் கையிலும் எலுமிச்சம்பழம்.

(சிரிக்கக் கூடாது, சிரித்தால் ஃபெயில் என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.)

வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம். பஸ் நின்றதால்தான் திறந்தாராம். நாங்கள் நிற்காமல் போயிருந்தால், மேலே ஸ்கூல் வாசலில் இறங்கிக் காலி மைதானத்தைத்தான் பார்த்திருப்பார்.

"ஏம்மா நின்னுட்டே?" என்று லூர்துவிடம் கேட்டார்.

"ஏறுற வண்டி நடுவுல நின்னா மறுக்கா இழுக்காதுங்க. டிரைவருக்கு இது தெரியோணுமுல்லீங்க?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "மறந்துட்டாங்க. நிஜமாவே மறந்துட்டாங்க!" என்றார். என் ஃபைலை வாங்கி, எங்கள் பஸ்ஸின் அட்டை பானெட் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

அந்தோணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்கம்மா, வண்டி மேல சாயாதீங்க! எடுக்கோணும்!"

விசில்! ரைட் ரைட்!

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. கையெழுத்து விழுந்த ஃபைலோடு பஸ் பின்னாலேயே ஓடினேன்.

லூர்து, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. இந்தப் பதிவு கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுது கண்ணு. அன்றைக்கு நீ நின்றாய், என் வண்டி ஏறிவிட்டது.