கத்தரித்த கைநாட்டுகள்

பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் காகிதங்களைக் காப்பது அப்போது என் வேலை. மில்லில் அடிபட்டவர்கள் சொல்வதை எழுதி, அடியில் பெயரும் கைநாட்டும் வாங்கித் தகரப் பெட்டியில் அடுக்குவேன்.

யுத்த காலத்தில் ஒருநாள், போலீஸ் சோதனைக்கு வருகிறது என்றார்கள். யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஒவ்வொரு தாளின் அடியையும் கத்தரித்து அடுப்பில் போட்டேன். வந்தவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் செம்பை நீட்டிய அவசரத்தில் பாதித் தண்ணீரை அவர் சட்டைதான் குடித்தது.

அடுத்த வாரம் திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மில்லில் மெஷின் பெல்ட் அறுந்து அடிபட்ட அவள் புருஷன் இறந்துவிட்டான். நஷ்டஈட்டு வழக்குக்கு, அவன் சொல்லி நான் எழுதிய தாள் ஒன்றே சாட்சி.

"அவுக கைநாட்டு இருக்கும்ல, அண்ணே?"

"கரையான் அரிச்சிருச்சு தாயி."

நான் எடுத்துக் காட்டிய தாளைத் தடவிப் பார்த்தாள். "கரையான் இம்புட்டு நேராவா அரிக்கும்?"

உண்மையைச் சொன்னேன்; பெயரும் எரிந்துபோனதால் எது அவன் தாளென்று எனக்கே தெரியாது. வாசிக்கிறேன், எது அவன் பேச்சென்று சொல் என்றேன். பெல்ட் அறுந்த கதை மட்டும் ஒன்பது தாளில் இருந்தது. ஒன்பதிலும் என் மேடைத் தமிழ்: "தாங்கொணா வேதனையுற்றேன்."

"இதுல ஒண்ணுகூட அவுக பேச்சு இல்லையேண்ணே. 'வலிக்குது புள்ள'ன்னுதான் சொல்லுவாக."

ஒன்பதையும் அடுக்கிப் பெட்டியில் வைக்கப் போனேன்.

"இன்னொருக்கா வாசிங்கண்ணே" என்றாள்.

முதல் தாளை மறுபடி எடுத்தேன்.