ஆசீர்வாதம் சார் வாங்கிவந்த பாட்டில்

திருப்பாச்சூரைத் தாண்டி இரண்டு மைல் நடந்தால் வருகிற சிற்றூரின் ஆரம்பப் பள்ளிக்கு ஆசீர்வாதம் ஒருவர்தான் வாத்தியார். மனைவியைப் பறிகொடுத்த கையோடு மாற்றலாகி வந்தவர். 1954 பிறந்தபோது நான்கு வருஷம் ஆகியிருந்தது. மரியாதைக்குக் குறைவில்லை. எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இறங்கும், "வணக்கம் சார்" என்பார்கள், அதோடு சரி. நின்று ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரல் தனக்கே மறந்துவிடுமோ என்று பயந்து வாய்ப்பாடு சொல்லிப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

அவர் வாசலுக்கு வருகிற ஒரே ஆள் பக்கத்து வீட்டுக் கங்கம்மா. சாயங்காலம் ஒரு கிண்ணம் குழம்பைப் படியில் வைத்து, "இன்னா சார், சோறு வடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அந்தக் கேள்விக்காகவே அவர் சோறு வடித்தார்.

அந்த வருஷம் இலை எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது என்று பாடம். "இலைக்கு அடுப்பு ஏது சார்?" என்றாள் கங்கம்மாவின் மகள் முத்தம்மாள். "வெயில்தான் அடுப்பு" என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை பள்ளிச் செம்பருத்தியில் ஓர் இலையின் நடுவே கறுப்புக் காகிதத்தைக் குத்திவிட்டு, திருவள்ளூர் போய், தெரிந்த கம்பவுண்டரைக் கெஞ்சி ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்கினார். இலையின் பச்சையை எடுக்க அது வேண்டும். மதுவிலக்குக் காலம் ஆயிற்றே என்று துண்டில் சுற்றி ஒளித்து எடுத்துவந்தார் பாருங்கள், அதுதான் அவர் செய்த பைத்தியக்காரத்தனம். ஒளிக்கிற பொருளைத்தானே ஊர் பார்க்கும்.

அன்று குழம்பு வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை இருபத்தாறு பிள்ளைகளில் நாலு பேர் வந்தார்கள். மணியக்காரர் அரசப்பன் வந்து, நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஸ்பிரிட்டு வாங்கியாந்தீங்களாமே சார். குடிக்கிறவருகிட்ட புள்ளைங்கள எப்படி அனுப்பறது? மேல எழுதிப் போடச் சொல்றாங்க."

ஆசீர்வாதம் மனசுக்குள் கணக்குப் போட்டார். வேலை போகும், அதைவிட, சாயங்காலத்தின் அந்த ஒரு கேள்வியும் போகும்.

"எழுதுங்க. மத்தியானம் எல்லாரும் வந்து பார்த்துட்டு எழுதுங்க" என்றார்.

ஊரே வந்தது. காகிதம் குத்திய இலையைப் பறித்து, காகிதத்தை எடுத்துவிட்டு, கொதிநீரில் வாட்டி, ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குழாயில் போட்டு, குழாயை வெந்நீரில் நிறுத்தினார். பச்சை இறங்கி இலை வெளுத்தது. காயத்துக்குப் போடும் டிங்சரை முதலில் ஒரு சோற்றுப் பருக்கையில் சொட்டினார், கருநீலமானது; "சாப்பாடு இருக்கிற இடத்தில் இந்த நிறம் வரும்" என்றார். பிறகு இலையில் சொட்டினார். இலையும் கருநீலம். காகிதம் மூடியிருந்த நடு இடம் மட்டும் மாறவில்லை.

"வெயில் படாத எடத்துல சாப்பாடு இல்ல சார்" என்றாள் கூட்டத்திலிருந்த முத்தம்மாள். அரசப்பன் துண்டை இறக்கி மன்னிப்புக் கேட்டார்.

சாயங்காலம் கிண்ணம் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றாள் கங்கம்மா. "நாலு வருசமா ஒண்டியா கீறீங்க. பேச்சுத் தொணைக்குக்கூட நாதி இல்ல. இவரு குடிக்காம இன்னா பண்ணுவாருன்னு எங்க எல்லாருக்குமே தோணிடுச்சி."

ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான்கு வருஷமும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. குடிகாரன் என்ற பேச்சைவிட இதுதான் அவருக்கு வலித்தது.

"கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்களேன்மா" என்றார்.

"மாடு கத்துது சார்" என்று நடந்தாள் கங்கம்மா. சோறு வடித்தாச்சா என்று கேட்க அன்று அவளுக்கு மறந்துவிட்டது. அவர் வடித்துத்தான் வைத்திருந்தார்.