வெள்ளி விழாவின் கடைசி வரிசை

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலருக்கென்று உறவினர் சிலர் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார்கள். அக்கா உயர்குடியில் தோன்றி, அடக்கத்தின் உருவாக வாழ்ந்து, அனைவராலும் போற்றப்பட்டார் என்று அதில் இருந்தது. எழுதியவர்களில் இருவர் அக்கா இருந்தவரை எங்கள் வீட்டு வாசற்படி ஏறாதவர்கள். அவருடைய தம்பியான நான், அரசாங்க அலுவலகத்தில் பிறர் எழுதும் குறிப்புகளைத் திருத்தியே ஓய்வு பெற்றவன். இதையும் திருத்தி எழுதுகிறேன்.

அக்கா வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் கல்யாணம், பதினொன்றில் கைம்மை. கணவரின் முகம் நினைவில்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பத்தாம் நாள் அக்காவின் தலையை மழிக்க நாவிதர் வாசலில் வந்து நின்றபோது, அப்பா அவரைத் திருப்பி அனுப்பினார். அப்பா தம் வாழ்நாளில் யாருக்காவது மறுப்புச் சொன்னது அந்த ஒரு முறைதான். அதன்பின் சில ஆண்டுகள் தெருவில் எந்த விசேஷத்துக்கும் எங்களை அழைக்கவில்லை. கிடைத்த நேரத்தில் அக்கா படித்தார். பெண்கல்விக்கு எங்கள் தெரு செய்த உதவி இதுவே.

படித்து, பெண் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானார். ஒருநாள் மத்தியானம் கோயில் குளத்தில் ஒரு குழந்தை விழுந்தது. ஆண்கள் எல்லாரும் ஆபீசுக்குப் போயிருந்தார்கள். படியில் இருபது பெண்கள் நின்று கூவினார்கள். வழியில் போன பால்காரர் குதித்துக் குழந்தையை எடுத்தார். அன்று சாயங்காலம் அக்கா சாப்பிடவில்லை.

"நானும் நின்னேன்டா. எனக்கு நீந்தத் தெரியும். யாராவது சொல்லட்டும்னு காத்துண்டு நின்னேன்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அக்கா நடத்திய சிறுமியர் படை அப்படித்தான் தொடங்கியது. முதலில் ஏழு பேர். முடிச்சுப் போடுதல், காயத்துக்குக் கட்டுக் கட்டுதல், நீச்சல், அணிநடை. இவையெல்லாம் மற்ற ஊர்களிலும் உண்டு. அக்காவுடையது ஒரே ஒரு விதி. வாரத்துக்கு ஒருத்தி தலைவி. கெட்டிக்காரி, மந்தம், சுதந்திரமாய் வளர்ந்தவள், வாய் திறக்காதவள் என்று பார்க்காமல் எல்லாருக்கும் முறை வரும். அந்த வாரம் அவள் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும். அக்காவும் கேட்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தை "டீச்சர், நேரா நில்லுங்கோ" என்றால் அக்கா நேராக நிற்பார். நான் பார்த்திருக்கிறேன்.

தெருப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் இதை எதிர்த்து அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். பெண்கள் கால் வீசி நடந்தால் என்னென்ன கெடும் என்று அதில் இரண்டு பக்கம் இருந்தது. கட்டண முத்திரை வில்லை ஒட்டவில்லை என்பதால் மனு திரும்பி வந்தது. திருப்பியவன் யார் என்று இப்போது சொல்வதில் தவறில்லை. நான்தான். மறுமுறை முத்திரை வாங்கும் அளவுக்கு அவர்களுடைய தர்மாவேசம் நீடிக்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் படை நடந்தது. அதற்குள் பெண்கள் அணிநடை போடுவது கௌரவமாகிவிட்டிருந்தது. மனுவில் கையெழுத்திட்டவர்களின் பேத்திகளும் சேர்ந்தார்கள். வெள்ளி விழா என்றதும் ஒரு குழு முளைத்தது. தலைவி, ஒரு ஜட்ஜின் மனைவி. முடிச்சு என்று அவர் அறிந்தது தம் கொண்டை ஒன்றே. எல்லாரும் அவரை ஜட்ஜ் மாமி என்பார்கள். நடைமுறை தெரிந்தவன் என்று என்னைச் செயலாளராக வைத்துக்கொண்டார்கள்.

அழைப்புப் பட்டியலை நான் எழுதினேன். பழைய அரசாங்க விழாக் கோப்பு ஒன்றிலிருந்து மாதிரி எடுத்தேன். ஆண்களுக்கு உத்தியோகப்படி நாற்காலி; பெண்களுக்குக் கணவரின் உத்தியோகப்படி நாற்காலி. இந்த முறையில் ஜட்ஜ் மாமி முதல் வரிசை, இஞ்சினீயர் மனைவி இரண்டாவது, தாசில்தார் மனைவி நான்காவது. பட்டியல் முடிந்து, அச்சாகி, பாஸ்களும் போன பிறகே ஒன்று தெரிந்தது. பெண்களுக்குத் தலைமை பழக்கிய படையின் விழாவில், அந்தப் படையை ஆரம்பித்தவருக்கு நாற்காலி இல்லை. யாரும் வேண்டுமென்று விலக்கவில்லை. கணவர் இல்லாத அக்காவை எழுதக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். இதைவிடக் கேவலமான காரணம் இருக்க முடியாது.

ஜட்ஜ் மாமியிடம் போய்ச் சொன்னேன்.

"அடடா, இப்ப மாத்தினா எல்லா வரிசையும் மாறுமே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குத்துவிளக்கு ஏத்தற இடம் பாருங்கோ. அவாளுக்கே சங்கடமா இருக்காதோ? வெளியில பந்தல் போட்டிருக்கு, தண்ணி வெக்கற இடத்தில. அங்கே இருந்துக்கட்டுமே."

நான் அங்கேயே ராஜினாமா எழுதியிருக்கலாம். எழுதத் தெரியாதவன் அல்ல. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"பாஸ் இல்லாம விடமாட்டா அக்கா. வாசல்ல ஆள் நிறுத்தியிருக்கு."

"பட்டியல் நீ எழுதினதுதானே?"

"ஆமாம்."

"அப்ப பிசகே இருக்காது" என்று சொல்லிவிட்டு அக்கா வெண்டைக்காய் நறுக்கினார். சற்றுக் கழித்து, கத்தியை வைக்காமலே, "குட்டிகள் திரும்பறதை மட்டும் பார்த்துட்டா போறும்டா. இடப்பக்கம் திரும்பறச்சே வரிசை உடையறது" என்றார். இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு அவர் கேட்டது அது ஒன்றுதான். அதையும் நான் கொடுக்கவில்லை.

விழா நாளன்று மைதான வாசலில் நானே பட்டியலோடு நின்றேன். அக்கா வழக்கம்போல் பெண்களை நடத்திக்கொண்டு வந்தார். வாசலுக்குப் பத்தடி முன்னால் ஒதுங்கி நின்றார். அந்த வாரத் தலைவி தங்கம், ஆரியசாலைப் பலசரக்கு மொத்தக் கடைக்காரரின் மகள், பன்னிரண்டு வயது. அவள் என்னிடம் வந்தாள்.

"மாமா, படைக்குப் பாஸ் வேணுமா?"

"வரிசையில் வருகிறவர்களுக்கு வேண்டாம்."

"எத்தனை பேருன்னு எழுதியிருக்கா?"

பார்த்தேன். எழுதவில்லை. அவள் திரும்பினாள்.

"டீச்சர், கடைசி வரிசையில ஓரிடம் காலியா கிடக்கு. வந்து நில்லுங்க."

"நான் எதுக்குடி அங்கே? போ, நாழியாறது."

"இந்த வாரம் நான்தானே லீடர், டீச்சர்?"

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் போய் நின்றார். அறுபதை நெருங்கிய வயது. பெண்களுக்குச் சீருடை வெள்ளை. அக்கா எப்போதும் உடுத்ததும் வெள்ளை. தங்கம் சொல்ல, படை உள்ளே நடந்தது. என் கையிலிருந்த பட்டியலில் அதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை. முப்பது ஆண்டு விதிகளைப் படித்த எனக்குத் தெரியாத வழி, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த குழந்தைக்குத் தெரிந்தது.

மேடையிலிருந்த சிறப்பு விருந்தினரான அம்மையார் அந்த நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, யார் என்று கேட்டார். விளக்கம் சொன்னால் நாற்காலி விஷயமும் வெளிவரும் அல்லவா? "அதுவும் ஒரு குட்டிதான்" என்றார் ஜட்ஜ் மாமி. விருந்தினர் தலையசைத்தார். அத்தனை பேச்சுகளிலும் அக்காவைப் பற்றிச் சொல்லப்பட்டது அது மட்டும்தான்.

இரவுச் சாப்பாட்டின்போது, "எப்படி இருந்தது அக்கா?" என்று கேட்டேன்.

"திரும்பறச்சே வரிசை உடையலை. எனக்குத்தான் ஒரு தடவை கால் மாறிடுத்து. தங்கம் பார்த்துட்டா. நாளைக்குத் திட்டுவா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதன்பின் மூன்று மழைக்காலம் இருந்தார். கடைசி வாரம் மூச்சு வாங்கியது; யாரையும் தொந்தரவு செய்யவில்லை. குழு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி எனக்கு நகல் அனுப்பியது. சுவரில் மாட்டப் படமும் கேட்டது. விழாவில் எடுத்த படத்தையே அனுப்பினேன். அவர்களே அச்சிட்ட வாசகம் அதன்கீழ் இருக்கிறது: "பின்வரிசையில், மாணவியர்."

இனி நன்றி சொல்ல வேண்டும். நள்ளிரவென்றும் பாராமல் வந்த வைத்தியருக்கு நன்றி. வாழ்நாளெல்லாம் வராமல், பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்த சுற்றத்தாருக்கும், முறைக்காக, நன்றி.

மற்றொன்று. அக்காவை எடுத்த நாளன்று காலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. முன்பக்கம் தோள் கொடுப்பது யார், பெரியப்பா வழியா சித்தப்பா வழியா என்று வாசலில் வாக்குவாதம். எல்லா முறையும் தெரிந்த நானும் நின்றேன். இருபது ஆண்கள் நின்றோம். தெருவின் இருபுறமும் படைப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களில் ஒன்பது வயதிருக்கும் ஒருத்தி முன்னால் வந்தாள். அந்த வாரம் அவள் முறையாம்.

"எடுங்கோ" என்றாள்.

எடுத்தோம். அவளுக்கு என் நன்றி.