பெரட்டுக்கு வராத கீபோர்டு

எண்பதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கம் நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் மளமளவென்று ஓடும். பெரிய கிளாக்கர் தினமும் பதறுவார். "தம்பி, என்னமோ கோளாறு சொல்லுது, பாருங்க!"

கோளாறு ஒன்றும் இல்லை. அது காலைப் பெரட்டு, அவ்வளவுதான். விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு தலை எண்ணி வேலைக்குப் பிரிக்கிறாரே, அதே வேலையைத்தான் அந்த மெஷினும் செய்தது. முதலில் தன் நினைவகத்தை எண்ணிப் பார்க்கும். பிறகு கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கூப்பிடும். பதில் தராததின் பெயரைத் திரையில் போடும். இதைப் பெரிய கிளாக்கருக்கு எத்தனையோ தரம் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் லீவில் போயிருந்தேன். ஃபேக்டரி மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். ஆபீஸ் கூட்டும் அக்காவுக்குக் கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. அதற்கும் பொட்டு வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்திருக்கிறார். பெரிய கிளாக்கர் பக்கத்தில் கைகூப்பி நின்றாராம்.

மறுநாள் அவர் சுவிட்சைப் போட்டதும், மெஷின் பீப் என்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. திரையில் இருந்ததை மனுஷன் படிக்கவே இல்லை. நேரே தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஓடி, "மெசின் முழுசும் போச்சுங்க சேர், அந்தப் பொம்பள தண்ணிய ஊத்திட்டா" என்றார். தான் கும்பிட்டு நின்றதை மட்டும் விழுங்கிவிட்டார். மத்தியானத்துக்குள் அக்காவின் கையில் ஆளை நிறுத்தும் பத்துச்சீட்டு. அது வந்தால் வேலையும் இல்லை, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் இல்லை. புருஷன் இல்லாத மனுஷி, இரண்டு பெண் பிள்ளைகள் வேறு.

அதற்கடுத்த நாள் நான் வந்து மெஷினைப் போட்டேன். நினைவகம் முழுசாக எண்ணி முடிந்தது. கீழே 'கீபோர்டு எரர்' என்று ஒரே ஒரு வரி. மேலே தொடர ஒரு பட்டனை அழுத்தும்படி உத்தரவும் இருந்தது. கீபோர்டே செத்துக் கிடக்கும்போது எதை அழுத்துவது? பக்கத்துத் தோட்டத்தில் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

துரையிடம் போனேன். "சேர், ஒண்ணும் கெட்டுப் போகலைங்க. அந்தக்காவ மறுபடி எடுத்துக்குங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சீட்டு குடுத்தாச்சு. திரும்ப வாங்கினா நாளைக்கு யாரு நமக்குப் பயப்படுவான்?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அக்கா சட்டி பானையும் பாயும் மூட்டைகளுமாக ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றார். உடப்புசல்லாவையில் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். மழை தூறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, அந்த மெசினு இப்ப எப்புடிங்க இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. அதுக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப என்னைய எதுக்குத் தம்பி போகச் சொல்றாங்க?"

பஸ் வந்து நின்றது. பெரிய பிள்ளை முதலில் ஏறி, மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கிக்கொண்டாள். அக்கா ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.